எல்லைக்கோட்டின் விலை

1990களின் பிற்பகுதியில் சென்னையில் செல்போன் இணைப்பு வாங்கிய ஒருவர் கோயம்புத்தூரில் போய் இறங்கினால், அவருடைய போன் அங்கே அயலூர்ப் போன் ஆகிவிடும். மத்திய அரசு உரிமம் வழங்கியபோது சென்னை மாநகரத்தைத் தனி வட்டமாகவும் மீதித் தமிழ்நாட்டை இன்னொரு வட்டமாகவும் பிரித்திருந்தது. சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்.பி.ஜி.யும் சேவை தந்தன, மற்ற மாவட்டங்களில் ஏர்செல்லும் பி.பி.எல்.லும். மாநிலம் ஒன்றாக இருந்தும் வட்டம் மாறியதும் ரோமிங் கணக்கு தொடங்கிவிடும். 2005இல் இரண்டு வட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. அதற்காக எந்தக் கோபுரமும் இடம் மாறவில்லை, புதிதாகக் கேபிள் எதுவும் புதைக்கப்படவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு அழிந்தது, அந்தக் கோட்டின் பேரில் கட்டணம் கேட்பதற்கான காரணமும் அதோடு போயிற்று. வெளிநாட்டுக்குப் போகிறவரின் மொபைல் டேட்டா ஏன் இவ்வளவு விலை விற்றது, சில இடங்களில் மட்டும் அது எப்படித் தரைமட்டத்துக்கு இறங்கியது என்ற கேள்விகளுக்கும் இதே திசையில்தான் விடை தேட வேண்டும். தூரமும் தொழில்நுட்பமும் அந்த விலையில் ஒரு சிறு பங்கைத்தான் விளக்குகின்றன. மிச்சமெல்லாம் எல்லையின் இரு பக்கமும் உள்ளவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. பயணியின் நலனைப் பேச யாராவது அந்தப் பேரத்தில் உட்கார்ந்தபோது விலை குறைந்திருக்கிறது, எழுந்து போனபோது திரும்ப ஏறியிருக்கிறது.

இந்தச் சிக்கல் செல்போனோடு பிறந்ததும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் ஒரு கடிதம் எத்தனை நாடுகளைக் கடந்ததோ அத்தனை நாடுகளின் கட்டணத்தையும் கூட்டித்தான் அஞ்சல் செலவு போடப்பட்டது. ஒவ்வொரு ஜோடி நாடுகளுக்கும் தனி ஒப்பந்தம், தனி விகிதம், தனி எடைக் கணக்கு. 1874இல் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டின. 15 கிராம் கடிதத்துக்குப் பொதுவாக 25 சாந்தீம் என்று ஒரே கட்டணம் வைத்தார்கள். அதைவிடத் துணிச்சலான முடிவு இன்னொன்று: தபால்தலை விற்ற நாடே அந்தப் பணத்தை முழுவதும் வைத்துக்கொள்ளலாம், கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. போகும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வரும், ஆகவே வரவும் செலவும் ஏறக்குறைய நிகராகிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இந்தியா 1876இல் இந்த ஒன்றியத்தில் சேர்ந்தது. வந்து சேரும் அஞ்சலுக்குத் தனியாகப் பணம் கேட்கும் வழக்கம் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, 1969 டோக்கியோ மாநாட்டில்தான் உள்ளே வந்தது. தந்திக்கும் இதே கதை. 1865இல் பாரிஸில் 20 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து சர்வதேசத் தந்தி ஒன்றியத்தை அமைத்து, எல்லைதாண்டும் செய்திகளுக்குப் பொது விதிகளையும் பொது நாணய அளவையும் ஏற்படுத்தின. இரண்டிலுமே ஒப்பந்த மேசையில் உட்கார்ந்தவை அரசுகள். கடிதம் எழுதுகிறவன் அவற்றின் குடிமகன், வணிகம் செய்கிறவன் அவற்றுக்கு வரி கட்டுகிறவன். ஆகவே அனுப்புகிறவனின் பக்கம் பேசவும் அங்கே ஓர் ஆள் இருந்தது.

மொபைல் ரோமிங்கும் தொடக்கத்தில் இந்த மரபிலிருந்துதான் வந்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் அரசுத் தொலைபேசித் துறைகள் 1969இல் ஒரு கூட்டுக்குழு அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, 1981இல் என்.எம்.டி. என்ற கார் போன் அமைப்பைக் கொண்டுவந்தன. ஸ்டாக்ஹோமில் வாங்கிய போன் ஆஸ்லோவிலும் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் மாநாடு கண்டம் முழுவதற்கும் ஒரே அமைப்பை உருவாக்க ஒரு குழுவை நியமித்தது. அந்தக் குழுவின் பெயர்ச்சுருக்கம்தான் ஜி.எஸ்.எம். 1987 செப்டம்பரில் 13 நாடுகளைச் சேர்ந்த 15 சேவை நிறுவனங்கள் கோபன்ஹேகனில் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி முதல் ஜி.எஸ்.எம். அழைப்பைப் பேசினார். 1992இல் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடபோனும் முதல் சர்வதேச ஜி.எஸ்.எம். ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இங்கேதான் தடம் மாறியது. 1865இலும் 1874இலும் அரசுகள் உட்கார்ந்த இடத்தில் இப்போது நிறுவனங்கள் மட்டும் உட்கார்ந்தன. தனியார்மயம் உள்நாட்டில் போட்டியைக் கொண்டுவந்தது என்பது உண்மை. எல்லையில் அது கொண்டுவந்தது மூடிய அறைக்குள் நடந்த ஒரு மொத்த வியாபாரத்தை.

அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் விலையின் சூட்சுமம் பிடிபடும். தமிழ்நாட்டில் வாங்கிய சிம்மோடு ஒருவர் பாரிஸில் இறங்கிப் போனை இயக்கினால், அது முதலில் தன் அடையாள எண்ணைச் சொல்லும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. அதைப் படித்த பாரிஸ் நிறுவனம், இந்தியாவில் உள்ள தாய் நிறுவனத்தின் பதிவேட்டில் இந்த ஆள் உங்கள் வாடிக்கையாளர்தானா, சேவை தரலாமா என்று கேட்கும். சரி என்று பதில் வந்ததும் விருந்தாளியாகப் பதிவு செய்துகொள்ளும். டேட்டாவுக்கு இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. வழக்கமான ஏற்பாட்டில், பாரிஸில் இருப்பவர் பாரிஸ் நகராட்சியின் இணையதளத்தைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை இந்தியாவில் உள்ள தாய் நிறுவனத்தின் வாயிலுக்கு வந்து, அங்கிருந்து இணையத்துக்குள் போய், அதே வழியாகத் திரும்பும். பிறகு பாரிஸ் நிறுவனம் எவ்வளவு பயன்பாடு என்று கணக்குக் கோப்பு அனுப்பும், இந்திய நிறுவனம் முன்பே பேசிவைத்த மொத்த விலையை அதற்குக் கொடுக்கும், தன் லாபத்தைச் சேர்த்து வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றும். ஆக விலை இரண்டு: நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விலை, பயணி தரும் சில்லறை விலை. பயணியின் கண்ணில் படுவது இரண்டாவது மட்டும். ஆனால் முதலாவது உயரமாக இருக்கும் வரை இரண்டாவது கீழே வர வழியே இல்லை.

மொத்த விலையைப் போட்டி ஏன் உடைக்கவில்லை? ஜி.எஸ்.எம். காலத்தின் தொடக்கத்தில், வருகிற விருந்தாளிக்கு உள்நாட்டு வாடிக்கையாளரின் சாதாரணக் கட்டணத்தையே அடிப்படையாக வைத்திருந்தார்கள். 1990களின் இறுதியில் அந்த முறை கைவிடப்பட்டு, நிறுவனங்கள் தங்களுக்குள் தனியாக நிர்ணயிக்கும் மொத்த விலை வந்தது. அப்போது ஒரு நாட்டுக்குள் நுழையும் போன் எந்த வலையமைப்பைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் சிக்னலைப் பொறுத்த தற்செயல். ஆகவே ஒரு நிறுவனம் தன் மொத்த விலையைக் குறைத்தாலும் அதன் பக்கம் கூடுதல் விருந்தாளிகள் வரப்போவதில்லை, வருமானம்தான் குறையும். விலை குறைப்பவருக்குப் பரிசே இல்லாத சந்தையில் யார் குறைப்பார்கள்? மறுபக்கம் வாடிக்கையாளரும் ஆண்டில் ஓரிரு வாரப் பயணத்துக்கான கட்டணத்தைப் பார்த்து இணைப்பு வாங்குவதில்லை, உள்ளூர்க் கட்டணத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார். இரு நாட்டு நிறுவனங்களும் ஒருவர் வாடிக்கையாளருக்கு மற்றவர் சேவை செய்வதால், இரண்டு பேரும் விலையை உயர்த்திவைத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. பெர்ன் மாநாட்டில் கட்டணத்தைக் குறைக்க உதவிய அதே பரஸ்பரம் இங்கே கட்டணத்தைத் தாங்கிப் பிடித்தது. சதி செய்ய வேண்டிய தேவைகூட இல்லை, அவரவர் தனித்தனியே கணக்குப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவார்கள். பிந்தைய ஆண்டுகளில் வாடிக்கையாளரைக் குறிப்பிட்ட வலையமைப்புக்குத் திருப்பிவிடும் தொழில்நுட்பம் வந்தபோது மொத்த விலையில் பேரம் பேச இடம் கிடைத்தது. அந்த ஆதாயத்தில் பயணிக்குப் பங்கு கொடுக்க வேண்டிய கட்டாயம் மட்டும் யாருக்கும் இல்லை.

விலை இந்த ஏற்பாட்டால் வந்ததே என்பதை முதலில் வெளிச்சமாக்கியது ஐரோப்பா அல்ல, கிழக்கு ஆப்பிரிக்கா. மோ இப்ராகிம் நிறுவிய செல்டெல் நிறுவனம் 2006 செப்டம்பரில் கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளிலும் இருந்த தன் வலையமைப்புகளை ஒன்றாக இணைத்து, வாடிக்கையாளருக்கு ரோமிங் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. நைரோபிக்காரர் கம்பாலாவில் வரும் அழைப்பை இலவசமாக எடுக்கலாம், அங்கேயே உள்ளூர் ரீசார்ஜ் அட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எல்லைச் சந்தைகளில் தினமும் இரு நாட்டுக்கும் போய்வரும் வியாபாரிகள் நிறைந்த வட்டாரம் அது. போட்டி நிறுவனங்களும் வேறு வழியின்றி எல்லை தாண்டிக் கூட்டுச் சேர்ந்து பதில் சலுகை தந்தன. தொழில்நுட்பத்திலோ செல்வத்திலோ ஐரோப்பாவைவிட முன்னால் நின்ற நாடுகள் அல்ல இவை. செல்டெல்லால் முடிந்ததற்குக் காரணம், எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே உரிமையாளர் இருந்தார். தன் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்றும் பணத்துக்கு யாரும் மொத்த விலை வைப்பதில்லை. பிற்பாடு ஜைன் என்று பெயர் மாறிய இந்த ஆப்பிரிக்க வலையமைப்பைத்தான் 2010இல் இந்தியாவின் பாரதி ஏர்டெல் வாங்கியது.

ஐரோப்பாவில் அந்த ஒற்றை உரிமையாளர் கிடையாது, எனவே வேலை சட்டத்தின் தலையில் விழுந்தது. ஐரோப்பிய ஆணையம் முதலில் போட்டிச் சட்டத்தைத்தான் நம்பியது. 1999, 2000 ஆண்டுகளில் ரோமிங் துறை பற்றி விசாரணை நடத்தியது. 2001 ஜூலையில் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நிறுவனங்களின் அலுவலகங்களில் திடீர்ச் சோதனை போட்டது. சில பெரிய நிறுவனங்களுக்குக் குற்றச்சாட்டு அறிக்கையும் அனுப்பியது. ஆண்டுகள் ஓடினவே தவிர விலை அசையவில்லை. தனித்தனி நிறுவனம் செய்த குற்றத்தைத் தண்டிக்கும் சட்டத்தால், சந்தையின் அமைப்பே உண்டாக்கும் விலையைத் திருத்த முடியாது. தேசிய ஒழுங்குமுறை அமைப்புகளாலும் முடியாது. ஸ்பெயினின் அமைப்பு ஸ்பெயின் நிறுவனத்தின் மொத்த விலையைக் குறைத்தால் பயன் பெறுவது ஜெர்மானியச் சுற்றுலாப் பயணி. தன் நாட்டு நிறுவனத்தின் வருமானத்தை அறுத்து அயல்நாட்டாருக்குக் கொடுக்க எந்த அரசு அமைப்பு முன்வரும்? இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கச் செய்யும் அதிகாரம் எல்லைக்கு மேலே உள்ள ஓர் அமைப்பிடம்தான் இருக்க முடியும். அன்று தகவல் சமூகத்துக்கான ஆணையராக இருந்த லக்ஸம்பர்க்கின் விவியான் ரெடிங் 2006இல் நேரடியாக விலை உச்சவரம்பு முன்மொழிந்தார். 2007 ஜூன் 30 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து பேச நிமிடத்துக்கு அதிகபட்சம் 49 சென்ட், வரும் அழைப்பை எடுக்க 24 சென்ட், வரி தனி. வோடபோன் உள்ளிட்ட நிறுவனங்கள் இந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட்டன. 2010 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

டேட்டாவின் கதை இதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. 2009இல் வந்த திருத்தம் டேட்டாவின் மொத்த விலைக்கு முதல் உச்சவரம்பு வைத்தது: ஒரு எம்.பி.க்கு 1 யூரோ. அதாவது ஒரு ஜி.பி.க்கு ஆயிரம் யூரோவுக்கு மேல், அதுவும் நிறுவனங்களுக்கு இடையில். இன்று ஒரு ஜி.பி. என்பது சில மணி நேரத்தில் கரையும் அளவு. அப்போது ஊர் திரும்பியதும் பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள் பலர் என்பதால், 2010 முதல் மாதம் 50 யூரோவைத் தொட்டதும் டேட்டாவை நிறுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. சில்லறை டேட்டா விலைக்கு 2012இல்தான் உச்சவரம்பு வந்தது: எம்.பி.க்கு 70 சென்ட், 2013இல் 45, 2014இல் 20. பிறகு 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கென்று தனிக் கட்டணமே கூடாது என்றானது. அன்றைய மொத்த விலை உச்சவரம்பு ஜி.பி.க்கு 7.70 யூரோ. 2022இல் இந்தச் சட்டம் 2032 வரை நீட்டிக்கப்பட்டு, மொத்த விலை 2 யூரோவில் தொடங்கிப் படிப்படியாக 2027இல் 1 யூரோவுக்கு இறங்க வேண்டும் என்று எழுதப்பட்டது. 2009இல் ஒரு எம்.பி.க்குக் கேட்ட தொகை 2027இல் ஒரு ஜி.பி.க்கு. இடைப்பட்ட காலத்தில் 3ஜி போய் 4ஜி வந்தது, கேபிள்களின் கொள்ளளவு பெருகியது, செலவு உண்மையிலேயே இறங்கியது. அதையெல்லாம் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் செலவுச் சரிவு உள்நாட்டு டேட்டா விலையில் தானாகவே தெரிந்தது. ரோமிங் விலையில் அது தெரிவதற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. தடை நீங்கியதும் மக்கள் எவ்வளவு அடக்கிவைத்திருந்தார்கள் என்பதும் வெளிப்பட்டது. ஆணையத்தின் கணக்குப்படி 2019 கோடையில் ஒன்றியத்துக்குள் ரோமிங் டேட்டா பயன்பாடு 2016 கோடையைப்போல 17 மடங்காக இருந்தது. அதுவரை விலைக்குப் பயந்து அத்தனை பேர் போனை அணைத்துவைத்திருந்தார்கள் என்றே இதற்குப் பொருள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் என்பது. நிறுவனத்துக்கு ரோமிங்கில் போன வருமானத்தை உள்நாட்டுக் கட்டணத்தில் ஏற்றி ஈடுகட்டுவார்கள், ஊரைவிட்டு நகராத ஏழை, ஊர் சுற்றும் பணக்காரரின் பில்லைக் கட்டுவார் என்கிறார்கள் இவர்கள். புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல இது. குறிப்பாகக் கோடையில் கோடிக்கணக்கான பயணிகளைத் தாங்கும் கிரீஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளின் வலையமைப்புச் செலவும், உள்நாட்டில் அளவில்லா டேட்டாவை மலிவாக விற்கும் பின்லாந்து, லித்துவேனியா போன்ற நாடுகளின் நிறுவனங்கள் வெளியே தர வேண்டிய மொத்த விலையும் எதிரெதிர் திசையில் இழுத்தன. சட்டம் எழுதியவர்கள் இதைக் காணாமல் விடவில்லை. தாங்க முடியாது என்று கணக்குக் காட்டிய நிறுவனங்களுக்குச் சிறு கூடுதல் கட்டணம் வாங்க விலக்கு கொடுத்தார்கள், பின்லாந்தின் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. அளவில்லாத் திட்டங்களுக்கு ஒரு நியாய அளவும் உண்டு: வரி நீங்கிய மாதக் கட்டணத்தை மொத்த விலை உச்சவரம்பால் வகுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். 30 யூரோ திட்டத்துக்கு 2017இல் இது எட்டு ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு, 2027 உச்சவரம்பில் 60 ஜி.பி. மலிவான நாட்டு சிம்மை வாங்கி வேறு நாட்டில் நிரந்தரமாக வைத்திருப்பவரைக் கண்டறிய நான்கு மாதப் பயன்பாட்டைப் பார்க்கும் விதியும் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு 2019இல் ஆணையம் செய்த மதிப்பாய்வில், உள்நாட்டுக் கட்டணங்கள் பொதுவாக உயர்ந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. உள்நாட்டில் போட்டி இருக்கும் வரை, ரோமிங்கில் விட்டதை அங்கே பிடிக்கப் பார்ப்பவர் தன் வாடிக்கையாளரைப் பக்கத்து நிறுவனத்திடம் இழப்பார்.

விலையைத் தீர்மானிப்பது சட்டமே என்ற வாதத்தை வேறு எந்தக் கணக்கையும்விடத் தெளிவாகச் சோதித்துக் காட்டியது பிரிட்டன். பிரெக்சிட் மூலம் அது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால், 2020 இறுதியோடு ஒன்றியத்தின் விதிகள் பிரிட்டிஷ் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது நின்றது. ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று தொடக்கத்தில் சொல்லிவந்த நிறுவனங்கள் அங்கே உண்டு. ஆயினும் 2022க்குள் இ.இ., வோடபோன், த்ரீ ஆகிய மூன்றும் புதிய வாடிக்கையாளர்களிடம் ஐரோப்பாவில் நாள் கட்டணம் வாங்கத் தொடங்கின, பெரும்பாலும் 2 பவுண்டு அளவில். பெரிய நிறுவனங்களில் ஓ2 மட்டும் ஓர் அளவு வரை இலவசம் என்று நின்றது. டோவருக்கும் கலேக்கும் இடையிலான கடல் அகலமாகிவிடவில்லை, கேபிளும் கருவியும் கணக்குக் கோப்பும் அதேதான். மாறியது சட்டத்தின் எல்லை ஒன்று மட்டும். பிரெக்சிட்டால் மொத்த விலைப் பாதுகாப்பும் போனதே, செலவு ஏறியிருக்கலாமே என்று நிறுவனங்களின் சார்பில் கேட்கலாம். கேட்பது சரியே. ஆனால் அந்தப் பதில் வேறு வார்த்தையில் இந்தக் கட்டுரையின் வாதத்தையே ஒப்புக்கொள்கிறது: மொத்த விலை என்பது செலவைப் பொறுத்தது அல்ல, யாருக்கு எந்தச் சட்டம் காவல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

சட்டமே இல்லாமல் சந்தை சாதித்த இடங்கள் இல்லையா என்ற கேள்விக்கும் முகம் கொடுக்க வேண்டும். இந்தியாவையே காட்டுவார்கள். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ நாடு முழுவதும் ரோமிங் கட்டணம் இல்லை என்றது, 2017இல் ஏர்டெல்லும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளி வட்டத்தில் வரும் அழைப்புக்கான உச்சவரம்பை 2007இல் நிமிடத்துக்கு 1.75 ரூபாய், 2013இல் 75 காசு, 2015இல் 45 காசு என்று மூன்று முறை வெட்டியிருந்தது. கடைசி அடியை ஜியோ கொடுத்தபோது பாறை ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஜியோவிடம் 22 வட்டங்களுக்கும் அலைவரிசை இருந்ததால் செல்டெல்லைப்போல அதற்கும் தானே விருந்தாளி, தானே வீட்டுக்காரர். பிரிட்டனின் த்ரீ நிறுவனம் 2013இல், ஐரோப்பியச் சட்டம் ரோமிங் கட்டணத்தை ஒழிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, சில நாடுகளில் வீட்டுத் திட்டத்தையே பயன்படுத்தலாம் என்று சலுகை தந்தது. ஹாங்காங், இத்தாலி, ஆஸ்திரியா என்று நீண்ட அந்தப் பட்டியலில் அவ்வாண்டு இறுதிக்குள் இலங்கையும் சேர்ந்தது. லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தமிழர் தன் மாதத் திட்டத்து டேட்டாவை அங்கேயே செலவழிக்க முடிந்ததற்குக் காரணம், அப்போது த்ரீயும் இலங்கையின் ஹட்ச்சும் ஒரே ஹட்சிசன் குழுமத்தின் பிள்ளைகள். இதற்கு அடங்காத எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டி-மொபைல் 2013இல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கூடுதல் கட்டணமில்லாத டேட்டாவை அறிவித்தது, அவற்றில் பெரும்பாலானவற்றில் அதன் குழுமத்துக்குச் சொந்த வலையமைப்பு கிடையாது. நான்காம் இடத்திலிருந்து மேலே வரத் துடித்த நிறுவனம், பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளரைப் பறிக்க எடுத்த ஆயுதம் அது. ஆனால் கொடுத்த வேகம் நொடிக்கு 128 கிலோபிட், குறுஞ்செய்திக்குப் போதும், வரைபடத்துக்கே பொறுமை வேண்டும். சந்தையால் தனியாகப் போகக்கூடிய தூரத்தை இந்த வேகமே அளந்து சொல்கிறது.

இப்போது அட்டை செருகத் தேவையில்லாத இ-சிம் வந்துவிட்டதே, இனி இந்தப் பழங்கதை எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். இ-சிம் நுகர்வோர் கருவிகளுக்கான பொதுத் தரம் 2016இல் வந்தது, 2018 முதல் ஐபோன்களில் இடம்பிடித்தது, 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் சிம் செருகும் தட்டே காணாமல் போனது. விமானம் ஏறுமுன்பே செயலியில் பத்து நாளுக்கான டேட்டாவை வாங்கிவிடலாம். ஊர் போய் இறங்கி, கடவுச்சீட்டை நீட்டி உள்ளூர் சிம் வாங்கும் வரிசையும் மிச்சம். இது பெரிய மாற்றம் என்பதில் சந்தேகமில்லை. தாய் நிறுவனம் ஒன்றிடமே சிக்கியிருந்த பயணிக்கு முதல்முறையாகப் பல விற்பனையாளர்கள் கிடைத்திருக்கிறார்கள், பல நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்குவதால் அந்த விற்பனையாளருக்குப் பேரம் பேசும் வலுவும் இருக்கிறது. ஆனால் அவர் விற்பதும் பெரும்பாலும் ரோமிங்கையேதான். ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் அடையாள எண்ணை வாங்கி, இன்னொரு நாட்டில் விருந்தாளியாக நுழைய வைக்கிறார். மொத்த விலை என்ற தரை அப்படியே இருக்கிறது, தரைக்கு மேல் நின்று விற்பவர்கள்தான் பெருகியிருக்கிறார்கள். இரண்டாவது குறை இன்னும் கனமானது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் வரும், அதை உயிரோடு வைத்திருக்கத் தாய் நிறுவனத்தின் தயவு வேண்டும். மலிவு விலை போன்கள் பலவற்றில் இ-சிம் வசதி இல்லை. கையில் நல்ல போன், வெளிநாட்டில் செல்லும் கார்டு, ஆங்கிலச் செயலியில் புழங்கும் பழக்கம் மூன்றும் உள்ளவருக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது. வேலை தேடி முதல்முறை துபாயிலோ கோலாலம்பூரிலோ இறங்கி, தான் பத்திரமாக வந்து சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்ல நினைப்பவருக்குத் தீரவில்லை. அந்த முதல் சில மணி நேரம்தான் அவருக்கு இணைப்பு மிகவும் தேவைப்படும் நேரம்.

இந்தியாவில் சர்வதேச ரோமிங் கட்டணத்துக்கு டிராய் உச்சவரம்பு வைத்ததில்லை, நிறுவனங்களே தீர்மானிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் உச்சவரம்பு வைத்துப் பெரிய பலன் இல்லை என்பதும் ஸ்பெயின் எடுத்துக்காட்டிலிருந்து புரிந்திருக்கும், மொத்த விலையை வாங்குபவர் அயல்நாட்டில் இருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற மேலமைப்பு தெற்காசியாவில் இல்லை, அது வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011இல் இருதரப்பு ஒப்பந்தமாகவே ரோமிங் அழைப்புக் கட்டணத்தை இரண்டு கட்டங்களில் 30 சதவீதம் வரையும் குறுஞ்செய்திக் கட்டணத்தை 50 சதவீதம் வரையும் குறைக்கச் செய்தன. ஜொகூர் பாலத்தை வேலைக்காகத் தினமும் கடக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அது உடனே பயன்பட்டது. கென்யா, உகாண்டா, ருவாண்டா அரசுகள் 2014இல் தங்களுக்குள் வரும் அழைப்புகளுக்கான ரோமிங் கட்டணத்தை நீக்கின. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் 2016இல் தங்களுக்கிடையே டேட்டா உட்பட ரோமிங் கட்டணங்களைக் குறைத்தன. பெரிய ஒன்றியமோ பொது நாணயமோ இதற்கு வேண்டியதில்லை, இரு பக்க ஒழுங்குமுறை அமைப்புகளும் ஒரே நாளில் ஒரே அளவு இறங்கச் சம்மதித்தால் போதும்.

இந்திய அரசுக்கு இந்த வித்தை தெரியாததும் அல்ல. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டு, இரு நாட்டுக் கணக்குகளுக்கு இடையே போன் எண் வழியாகப் பணம் அனுப்ப வழி பிறந்தது. 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. இலங்கையிலும் செல்லுபடியானது. வங்கிகளையும் தரகு நிறுவனங்களையும் மட்டும் நம்பி விட்டிருந்தால் இது நடந்திருக்காது, மத்திய வங்கிகள் நேரடியாகப் பேசியதால் நடந்தது. பணம் எல்லை தாண்டும் செலவில் அரசு தலையிடலாம் என்றால், அந்தப் பணத்தை அனுப்பப் பயன்படும் போன் எல்லை தாண்டும் செலவில் ஏன் தலையிடக் கூடாது? கொழும்பில் நின்று யு.பி.ஐ.யில் பணம் கட்ட விரும்பும் இந்தியப் பயணிக்கு முதலில் டேட்டா வேண்டும். சென்னை–கொழும்பு, சென்னை–சிங்கப்பூர், திருச்சி–கோலாலம்பூர் வழித்தடங்களில் போகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுலாவுக்காகவா போகிறார்கள்? உறவு, வேலை, வியாபாரம் என்று திரும்பத் திரும்பப் போகிறவர்கள் அவர்கள். 1874இல் பெர்ன் மாநாட்டார் போட்ட கணக்கு இந்த வழித்தடங்களுக்கு இன்றும் பொருந்தும்: போக்கும் வரத்தும் உள்ள இடத்தில் இரு பக்கமும் விட்டுக்கொடுத்தால் இரு பக்கமும் பெறும். இலங்கையோடும் சிங்கப்பூரோடும் மலேசியாவோடும் அமீரகத்தோடும் தனித்தனியாக, மொத்த விலையையும் சில்லறை விலையையும் சேர்த்தே குறைக்கும் ஒப்பந்தம் கேட்பது இந்தியாவின் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் ஒரு வரியாக இடம்பெற வேண்டிய கோரிக்கை. கேட்பதற்கு ஆளில்லாத வரை அந்த மேசையில் நிறுவனங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும், பில் பயணிக்கு வரும்.